இதான் செவ்வாய்

“கட்ட வெரலு ஒத்துக்கல. ஆள்காட்டிய வெச்சிப் பாரு” என்றார் ராஜேந்திரன் மாமா.

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியை இரண்டு பேர் தூக்கிப் பிடித்திருந்தார்கள். துர்காதேவி குனிந்து, அப்பாவின் வலது கையைத் தன் உள்ளங்கையில் ஏந்தி, அவருடைய போனின் முதுகில் இருந்த சின்ன வட்டத்தில் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினாள். போன் ஒரு முறை நடுங்கியது, திறக்கவில்லை. நடுவிரலை வைத்தாள். அதற்கும் அதே நடுக்கம்தான்.

எப்படித் திறக்கும்? முப்பத்து நான்கு வருஷம் ஸ்டியரிங் பிடித்துத் தேய்ந்த விரல். ரேஷன் கடை மெஷினே அவரை ஒரு நாளும் ஒத்துக்கொண்டதில்லை. “தொடச்சிட்டு வைங்க” என்று மூன்று முறை சொல்லிவிட்டு, கடைசியில் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். உயிரும் சூடும் இருந்தபோதே ஆள் தெரியாத விரல், இப்போது சில்லிட்டுக் கிடக்கும்போதா தெரியப்போகிறது? அவர் ரேகையைப் பதிந்து வைத்திருந்தாரா என்பதே யாருக்கும் தெரியாது. மாமா சொன்னார், எல்லோரும் செய்தார்கள், அவ்வளவுதான்.

“போதும் மாமா” என்றாள் துர்கா. அந்தக் கையை இன்னொரு கையோடு சேர்த்து வயிற்றின் மேல் வைத்தாள். மூடி இறங்கியது.

“அப்ப ஆதார் போட்டோவே குடுத்துடலாமா? கிருபாகரன் ரெண்டு தபா போன் பண்ணிட்டான். ஒரு மணிக்குள்ள படம் வந்தாதான் எடுக்கறதுக்கு முன்ன ஃப்ளெக்ஸ் வருமாம்.”

கிருபாகரன் திருக்கழுக்குன்றத்தில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவன். கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவனிடம்தான். தெரு முனையில் ஃப்ளெக்ஸ் கட்டாத சாவு இந்தப் பக்கத்தில் கிடையாது. கட்டவில்லை என்றால், பெற்ற பிள்ளைக்கு மனசில்லை என்று பேசுவார்கள். தர்மராஜுக்கு இருந்தது ஒரே பிள்ளை, இந்தத் துர்கா.

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா பூவாயி, ஆதார் என்றதும் நிமிர்ந்தாள்.

“அத்த வெக்காத. போலீசு புடிச்சி நிக்க வெச்சா மாரி கீறாரு அதுல.”

“வேற இன்னாக்கா கீது? கல்யாண ஆல்பத்துலயும் கண்ண மூடிகினு கீறாரு.”

“போன மாசம் மகாபலிபுரத்துல கடக்கரையில ஒண்ணு எடுத்தாரே. சிரிச்சிகினு கீறாரு. போன்ல எனுக்குக் காட்னாரு. எங்கண்ணுக்குப் பாதி மூஞ்சிதான் தெரிஞ்சிது. ஆனா சிரிப்பு தெரிஞ்சிது. அதான் வேணும்.” சொல்லிவிட்டு மகளைப் பார்த்தாள். “எத்தயாவது பண்ணித் தெற பாப்பா.”

அம்மாவுக்கு அந்தச் சிரிப்பு வேண்டும். முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவள், ஒரே ஒரு படம் கேட்கிறாள். கொடுக்காமல் எப்படி இருப்பது? ஆனால் அந்தப் போன் திறந்தால் இன்னொன்றும் திறக்கும். வாட்ஸப்பில் அப்பா துர்காவுக்கு நாலு வருஷமாக, ஒரு நாள் தவறாமல், விடிகாலை ஐந்து பத்துக்கு அனுப்பிய படங்கள் அத்தனையும் வரிசையாக இருக்கும். அவற்றில் ஒன்றைக்கூட அவள் திறந்து பார்க்கவில்லை என்பதும் அங்கேயே எழுதியிருக்கும். அனுப்பியவர் போனில் சாம்பல் டிக் சாம்பலாகவேதான் நிற்கும். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் பார்ப்பார். பார்த்தால் சும்மா இருக்கிற ஆளா அவர்.

இன்று காலையும் ஐந்து பத்துக்கு ஒன்று வந்திருக்கும். அதை அனுப்பிவிட்டுத்தான் புதுப்பட்டினத்தில் கம்பெனி பஸ்ஸை எடுத்திருப்பார். மறைமலைநகர் ஃபாக்டரிக்குக் காலை ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற பஸ். செங்கல்பட்டு ஏரிக்கரையில் வரும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். நாற்பத்திரண்டு பேர் வண்டிக்குள்ளே. ஓரங்கட்டி, நியூட்ரல் பண்ணி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் ஸ்டியரிங் மேல் சாய்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. பத்து மணிக்கு வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். துர்கா கூடுவாஞ்சேரியில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பவள். யாரோ ஒருவருடைய கையில் ஊசியைச் செருகியிருந்தபோதுதான் போன் வந்தது. அந்த ரத்தத்தை எடுத்து, பெயர் ஒட்டி வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள். அப்பன் புத்தி எங்கே போகும்?

அப்பாவை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு பேருக்கும் நடுவில் சண்டை என்று ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுவார்கள். இருந்ததெல்லாம் ஒரு வார்த்தைதான். செவ்வாய்.

துர்காவின் ஜாதகத்தில் ஏழாம் வீட்டில் செவ்வாய். இருபத்து நாலு வயசில் முதல் வரன் வந்தது, முப்பது வரைக்கும் வந்துகொண்டே இருந்தது. பெண் பிடித்திருக்கும், படிப்பு பிடித்திருக்கும், வேலை பிடித்திருக்கும். ஜாதகத்தைத் திறந்ததும் முகம் மாறும். “செவ்வா தோசமாச்சே” என்று பஜ்ஜியைத் தின்று முடித்துவிட்டுத்தான் சொல்வார்கள். பரிகாரம் என்று எத்தனை கோயில், எத்தனை செவ்வாய்க்கிழமை விரதம். அந்தக் கிழமையின் பெயரைச் சொல்லக்கூட அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று. எட்டு இடம் இப்படிப் போனது. ஒன்பதாவது மதுராந்தகத்துப் பையன். பூ வைத்துவிட்டுப் போய், பத்தாம் நாள் அந்தப் பூவைத் திருப்பிக்கொண்டு வந்து கொடுத்தார்கள்.

மறுநாள் விடிகாலையில்தான் முதல் படம் வந்தது. அழுது வீங்கிய கண்ணோடு போனை எடுத்துப் பார்த்தாள். சிவந்த மண், பொட்டல், அங்கங்கே கல். கீழே நைனா எழுதியிருந்தார்: “இதான் செவ்வாய்.”

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நேற்றுத்தான் ஒருத்தன் செவ்வாய் என்று சொல்லித் தள்ளிவிட்டுப் போயிருக்கிறான். விடிந்தும் விடியாமல் பெற்ற அப்பன் அந்தச் செவ்வாயையே படமாக அனுப்புகிறார். குத்திக்காட்டுகிறாரா, இல்லை விவரம் கெட்டுச் செய்கிறாரா? எதுவாக இருந்தால் என்ன. அந்த நொடியே அவர் பெயருக்குச் சத்தத்தை அணைத்து, கண்ணில் படாதபடி ஆர்கைவுக்குள் தள்ளிவிட்டாள். அதற்கப்புறம் வந்த எதையும் பார்க்கவில்லை.

கோபம் ஒரு மாதத்தில் போய்விட்டது. குமார் வந்தான், அவனுக்கும் அதே தோஷம் இருந்ததால் சரிக்குச் சரியாகிக் கல்யாணமும் நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆனால் அந்தப் படங்கள் பக்கம் மட்டும் அவள் போகவில்லை. ஒரு நாள் போனில், “படம் வருதா பாப்பா?” என்று நைனா கேட்டபோது, “வருது நைனா, பாத்துகினுதான் கீறேன்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். இனி திறந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் நீலமாகும், சொன்னது பொய் என்று தெரிந்துவிடும். அதற்குப் பயந்தே திறக்கவில்லை. நூறு சேர்ந்தது, ஐநூறு சேர்ந்தது, ஆயிரத்து நானூற்றைத் தாண்டியது. நைனாவுக்கு இந்த டிக் சமாச்சாரமெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு காலம் தள்ளினாள்.

மாமா இப்போது போனை வாங்கி, ஒன்பது புள்ளிகளின் மேல் தனக்குத் தெரிந்த கோடுகளையெல்லாம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து முறை தப்பாகப் போட்டதும் அரை நிமிஷம் கழித்து வா என்றது போன்.

“பேஜாரு புடிச்ச போனு” என்றார். “அக்கா, மச்சான் எப்டி கோடு போடுவாருன்னு பாத்துகிறியா?”

“மேலேந்து கீழ, கீழேந்து மேல, கோலத்துக்குக் கோடு இழுக்கறா மாரி இழுப்பாரு. நான் எங்க அத்த கவனிச்சேன்.”

அப்போது தெரு முனையில் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. காலை ஷிஃப்டில் பாதிப் பேரை அனுப்பிவைத்திருந்தது கம்பெனி. வேறொரு டிரைவர் ஓட்டி வந்திருந்தார். அதே பஸ்தான். நீலச் சட்டை போட்டவர்கள் பெரிய ரோஜா மாலையைத் தூக்கிக்கொண்டு வரிசையாக உள்ளே வந்தார்கள். மாலையைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு எல்லோரும் வெளியே பந்தலுக்குப் போனார்கள். ஒருவன் மட்டும் போகாமல் நின்றான். இருபத்தாறு, இருபத்தேழு வயசிருக்கும்.

“நீங்கதான் துர்கா அக்காவா? நான் நிதின். அண்ணா சீட்டுக்குப் பக்கத்துல, இன்ஜின் மேல உக்காந்து வருவேன். காலைல நான்தான் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணேன்.”

“உக்காருப்பா” என்றாள் பூவாயி. “உன்னப் பத்திச் சொல்லுவாரு. அந்தக் கல்லு படமெல்லாம் நீதான காட்டிக் குடுத்த?”

“ஆமாம்மா. நாலு வருஷம் முன்னாடி, ஒரு நாள் சும்மா என் போன்ல காமிச்சேன். செவ்வாய்ல ஒரு வண்டி ஓடிகிட்டு இருக்குண்ணா, அது எடுக்கற படம்னு சொன்னேன். வண்டின்னதும் புடிச்சிகிட்டார். எத்தினி சக்கரம், டீசலா, டிரைவர் யாருன்னு. ஆறு சக்கரம், டிரைவர் பூமியில உக்காந்துகிட்டு ஓட்டறாங்கன்னு சொன்னேன். ‘இன்னிக்கு ஸ்டியரிங்கத் திருப்பினா எப்ப திரும்பும்’னு கேட்டார். அன்னிலேந்து தினம் புதுப் படம் இறக்கித் தரணும் அவருக்கு. அப்புறம் அவரே கத்துகிட்டார்.” நிதின் பெட்டியைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே பேசினான். “அங்க பொழுது எறங்கறப்ப வானம் நீலமா ஆவும்மா. இங்க சிவப்பு, அங்க நீலம். அந்தப் படத்த ஒரு வாரம் எல்லார்கிட்டயும் காமிச்சார்.”

“போன் தெறக்க மாட்டேங்குது தம்பி” என்று மாமா இடையில் புகுந்தார். “உனக்குத் தெரியுமா?”

“தெரியாது சார். ஆனா அண்ணா சிரிச்சிகிட்டே சொல்வார், எம் போனை டிரைவர் தவிர எவனும் தெறக்க முடியாதுன்னு.”

துர்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மாமாவின் கையிலிருந்த போனை வாங்கினாள்.

பள்ளிக்கூட லீவில் அவளும் அந்த இன்ஜின் மேல் உட்கார்ந்து மறைமலைநகர் வரைக்கும் போயிருக்கிறாள். கியர் கம்பியின் குமிழ் மேல் அவள் கை, அவள் கை மேல் நைனாவின் கை. பின்னால் இழு, ஃபர்ஸ்ட்டு. நடுவுக்கு வந்து மேலே தள்ளு, செகண்டு. நேரா கீழ, தேர்டு. அப்புறம் வலது பக்கம் மேல, நேரா கீழ. மேலேந்து கீழ, கீழேந்து மேல.

இடது ஓரத்துக் கீழ்ப் புள்ளியில் விரலை வைத்து, நடு வரிசை மேலே, கீழே, வலது வரிசை மேலே, கீழே என்று இழுத்தாள். கோடு சிவந்தது. தப்பு.

“மெதுவா போடு” என்றார் மாமா, என்னவோ வேகம்தான் காரணம் போல.

“கியர்தான் மாமா. எனுக்குத் தெரியும். எதையோ வுட்டுட்டேன்.”

நிதின் தயங்கினான். “ரிவர்ஸ் போட்டீங்களாக்கா?”

“ரிவர்ஸா?”

“கல்லு குத்தி அந்த வண்டியோட சக்கரமெல்லாம் ஓட்டை விழுந்துடுச்சு. அதனால நெறைய தூரம் ரிவர்ஸ்லயே ஓட்டிகிட்டுப் போனாங்க. அது தெரிஞ்சதும் அண்ணாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஓட்டத் தெரிஞ்சவன்தான் ரிவர்ஸ்ல போவான், நானும் இனிமே எத்த எடுத்தாலும் ரிவர்ஸ்லேந்துதான் ஆரம்பிப்பேன்னு சொல்லிகிட்டு இருந்தார்.”

ரிவர்ஸ் இடது மூலையில் மேலே. அங்கே விரலை வைத்து நேராகக் கீழே இழுத்தாள். மிச்சத்தை முன்பு போட்ட மாதிரியே போட்டாள். ஒன்பது புள்ளியும் தீர்ந்தது. போன் திறந்துகொண்டது.

அவள் சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். மாமா அவள் கையை விலக்கி, கேலரியைத் தட்டிவிட்டார். திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. மண், கல், மேடு, பள்ளம், மறுபடி கல். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. மாமா மனை புரோக்கர். அவர் கண்ணுக்கு உலகத்தில் நிலத்தைத் தவிர வேறெதுவும் தெரியாது.

“இது எந்தப் பக்கம்? திருப்போரூரா?” என்று கண்ணாடியை மாட்டினார். “டயர் தடம் கீது பாரு, லெவல் பண்ணிகீறாங்க. மச்சான் நம்மகிட்ட சொல்லாம கொள்ளாம மனை வாங்கிப் போட்டுகீறாரா?”

“சார், இது செவ்வாய்” என்றான் நிதின்.

“செவ்வாக்கெழமையா? செவ்வாக்கெழமையில எவனாவது பத்திரம் பண்ணுவானா தம்பி?”

சாவு வீட்டில் சிரிக்கக்கூடாது. பூவாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது, சிரித்து, அப்படியே அழுகையில் போய் முடிந்தது. இந்த மனுஷனிடம் இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாரே என்று நினைத்திருப்பாள். துர்காவும் அதைத்தான் நினைத்தாள். சொல்வதற்கு ஆள் ஒன்றரை அடி தூரத்தில் கண்ணாடிக்குள் படுத்திருந்தார்.

கடற்கரைப் படத்தைத் தேடிப் பின்னால் தள்ளினாள். போன மாதத்துத் தேதியில் சிவப்பு நின்று, மணலும் தண்ணீரும் வந்தன. ஆனால் படம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு காது. சட்டைக் காலரும் கொஞ்சம் கழுத்தும். ஒரு தோள். மணலில் புதைந்த செருப்புக் கால். பைக்குள் செருகிய பேனா. வெறும் வானம். கடைசியில் பாதி முகம். இடது கண், இடது கன்னம், பாதிச் சிரிப்பு. இன்னொன்றில் வலது பாதி. மொத்தம் முப்பத்தெட்டு.

“ஒண்ணும் சரியா வுழல பாவம்” என்றார் மாமா. “சரி, ஆதாரே குடுத்துரலாம்.”

நிதின் போனைக் கையில் வாங்கவில்லை. எட்டி நின்றே பார்த்தான். அவன் கண் கலங்கிவிட்டது.

“இல்ல சார். இது சரியாத்தான் எடுத்திருக்கார். அந்த வண்டி தன்னையே எடுத்துகிட்ட படம் ஒண்ணு காமிச்சேன். கேமரா புடிச்ச கை எங்கடான்னு கேட்டார். ஒரே படம் இல்லண்ணா, துண்டு துண்டா எடுத்து ஒட்டறாங்க, கை தெரியாத மாதிரி பாத்து ஒட்டிடுவாங்கன்னு சொன்னேன். அப்ப நானும் எடுக்கறேன்னார். எடுத்துட்டு வந்து, ஒட்டிக் குடு தம்பி, பாப்பாவுக்கு அனுப்பணும்னார்.” அவன் மூக்கை உறிஞ்சினான். “நான்தான் இந்த வாரம், அடுத்த வாரம்னு இருந்துட்டேன்.”

பூவாயி பெட்டியின் மேலிருந்த மாலையை நகர்த்தி, கண்ணாடிக்குள் பார்த்தாள்.

“கிருபாகரனுக்கு ஒட்டத் தெரியுமா?” என்று கேட்டாள் பூவாயி.

தெரியும் என்றான் கிருபாகரன். ஒருத்தர் தலையை இன்னொருத்தர் சட்டையில் ஒட்டுவதே அவனுக்கு அன்றாடப் பிழைப்பு. முப்பத்தெட்டையும் வாட்ஸப்பில் போடச் சொன்னான். “பின்னாடி மேகம் போடட்டுமா, ரோஜாப்பூவா?” என்று கேட்டான். “ஒண்ணும் வேணாம். கடல் கீது, அதுவே இருக்கட்டும்” என்றாள் துர்கா.

வாட்ஸப்பைத் திறக்க வேண்டியிருந்தது. மாமா வெளியே பறைக்காரர்களோடு பேசப் போயிருந்தார். துர்கா சுவர்ப் பக்கம் திரும்பி நின்று திறந்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, பின் பண்ணி வைத்த பெயராக, ‘துர்கா பாப்பா’. பக்கத்தில் காலை மணி ஐந்து பத்து. இரண்டு சாம்பல் டிக்.

முப்பத்தெட்டையும் கிருபாகரனுக்கு அனுப்பி முடிக்கும் வரை நிதின் பக்கத்தில்தான் நின்றான். அவன் பார்த்துவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

“தெனம் அனுப்புவாரா?” என்று அவனைப் பார்க்காமலே கேட்டாள்.

“தினம். அனுப்பிட்டு ஒரு நிமிஷம் பாத்துகிட்டே இருப்பார். அப்புறம்தான் சாவியத் திருப்புவார்.”

“டிக்கு பத்தியெல்லாம் நைனாவுக்குத் தெரியுமா?”

பொய் சொல்லலாமா என்று நிதின் யோசித்தது அவளுக்குப் புரிந்தது.

“தெரியும்க்கா. நான் ஒரு நாள் அறிவில்லாம கேட்டுட்டேன். ஏண்ணா சாம்பலாவே இருக்கு, பாப்பா பாக்கறதில்லையான்னு. ‘அங்கேந்து பூமிக்கு சிக்னல் வரவே இருபது நிமிசம் ஆவுதுன்ற. எங்க வூட்ல அத்த விட கொஞ்சம் லேட்டு, அவ்ளோதான்’னு சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டார்.”

துர்கா போனை அணைத்து, தன் போன் இருந்த கைப்பைக்குள் அதையும் போட்டு ஜிப்பை இழுத்தாள். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. அதோடு ரொம்ப நேரம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு ஃப்ளெக்ஸ் வந்தது. எட்டடிக்கு ஆறடி. தெரு முனையில், பஸ்ஸுக்குப் பக்கத்தில் மூங்கில் நட்டுக் கட்டினார்கள். கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்துக்குக் கீழே மகாபலிபுரத்துக் கடல். அதன் முன்னால் தர்மராஜ், தலையிலிருந்து செருப்பு வரைக்கும். கிருபாகரன் உயிரைக் கொடுத்துத்தான் ஒட்டியிருந்தான். இருந்தாலும் கடல் விளிம்பு அவர் தோளுக்கு இந்தப் பக்கம் ஒரு மட்டத்திலும் அந்தப் பக்கம் ஒரு மட்டத்திலும் நின்றது. மூக்குக்கு நடுவில் மெல்லிசாக ஒரு கோடு. இரண்டு பாதிச் சிரிப்பும் சரியாகச் சேரவில்லை. ஒரு பாதி கொஞ்சம் அதிகமாகவே சிரித்திருந்தது.

பூவாயியைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து காட்டினார்கள். அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

“இன்னாடா இது, வலது கையே இல்லியே” என்றார் மாமா. “கிருபாகரனக் கூப்புடு. கேக்கறவங்களுக்கு இன்னா பதில் சொல்றது?”

“அந்தக் கையிலதான் போன் புடிச்சினு இருந்தாரு” என்றாள் பூவாயி. “இருக்கட்டும் வுடு. இதான்.”

நாலு மணிக்கு எடுத்தார்கள். பெரியப்பா மகன் கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான், குமார் கூடப் போனான். பறை அடித்தது. வெடி போட்டார்கள். கம்பெனி பஸ் ஆட்கள் நாலு பேர் தோள் மாற்றிக்கொண்டார்கள், அதில் நிதினும் ஒருவன். பெண்கள் தெரு முனை வரைக்கும்தான் போகலாம். ஃப்ளெக்ஸுக்குக் கீழே நின்று, பாடை வளைவு திரும்பும் வரை பார்த்துவிட்டு, அழுதபடியே திரும்பினார்கள். துர்கா கடைசியாக வந்தாள்.

வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தராகத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். துர்காவின் முறை வர நேரமிருந்தது. பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்து, பையிலிருந்து இரண்டு போனையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நைனாவின் போனில் ரிவர்ஸிலிருந்து கோடு போட்டாள். அவர் அவளுக்கு அனுப்பிய பக்கத்தைத் திறந்தாள். கடைசிப் படம், இன்றைக்குக் காலையில் வந்தது. மணல் மேட்டில் ஆறு சக்கரத்தின் தடம், தூரத்துக்குப் போய் மறைகிறது. கீழே ஒன்றும் எழுதவில்லை. அதைத் திட்டின் மேல் தன் பக்கத்தில் வைத்தாள்.

பிறகு தன் போனை எடுத்தாள். நாலு வருஷமாகப் போகாத இடத்துக்குப் போனாள். அவர் பெயரைத் தட்டினாள்.

அவள் எங்கே விட்டிருந்தாளோ அங்கேயே போய் நின்றது திரை. மேலே அன்றைக்கு அவள் பார்த்த முதல் படம். “இதான் செவ்வாய்.” அதன் கீழே, படிக்காதவை இத்தனை என்று ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே முதலாவதாக, படம் அல்ல, ஒரு வரி. அதே காலை, ஐந்து பதினொன்று. அவள் சத்தத்தை அணைத்துத் தள்ளிய பிறகு வந்தது.

“வெறும் கல்லுதான் பாப்பா.”

துர்கா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். உள்ளே யாரோ, “அடுத்து துர்காவக் கூப்புடு” என்றார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் வைத்திருந்த நைனாவின் போனைக் குனிந்து பார்த்தாள்.

சக்கரத் தடத்துக்குக் கீழே, ஐந்து பத்துக்குப் பக்கத்தில், இரண்டு டிக்கும் நீலமாகியிருந்தன. பழைய படங்களுக்குத் தள்ளினாள். நேற்றையது நீலம். முந்தாநாளையது நீலம். தள்ளத் தள்ள, எல்லாம் நீலமாகவே வந்துகொண்டிருந்தன.